கார்விங் பலகையில் திரும்பப் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியில் சறுக்கும் ஒடுங்கிய ஸ்னோபோர்ட் பலகையில், ஸ்கீக்காரர் போடுவது போன்ற கெட்டிச் சப்பாத்தோடு கனடாவின் ஒன்ராறியோ மலைகளில் ஓடுகிற தமிழர் அதிகம் இல்லை. அதனாலோ என்னவோ, மலைக்கு மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் வரிசையில் நிற்கும்போதும் சரி, கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சரி, என்னிடம் வருவது ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது லேசு என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அடிக்கடி வரப்போகிற சில சொற்கள்: விளிம்பு என்பது பலகையின் இரு பக்கமும் ஓடும் இரும்பு விளிம்பு. கால்விரல்கள் இருக்கும் பக்கத்து விளிம்பில் சாய்ந்து திரும்புவது விரல் பக்கம், குதிகால் இருக்கும் பக்கத்து விளிம்பில் திரும்புவது குதிப்பக்கம். மற்றதெல்லாம் போகப் போக விளங்கும்.

உது என்ன பலகை அண்ணை? வழமையான ஸ்னோபோர்ட் மாதிரி இல்லை, ஒடுங்கலாக் கிடக்கு.

ஸ்னோபோர்ட்தான். வழமையான பலகை நடுவில், ஒடுங்கிய இடுப்புப் பகுதியில், ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். இது 18 முதல் 21 வரை. அகலம் குறைந்தால் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குக் கெதியாக மாறலாம். பலகை விறைப்பானது, சப்பாத்தும் கெட்டிப் பிளாஸ்ரிக், சப்பாத்தைப் பலகையில் பூட்டும் பைண்டிங் உலோகத் தகடு. இரண்டு காலும் பக்கவாட்டில் நிற்காமல் முன்நோக்கிச் சரிந்து நிற்கும். தாவிக் குதிக்க, தண்டவாளம் போல நட்டுவைத்த இரும்புக் கம்பியில் சறுக்க இது உதவாது. ஒரே ஒரு வேலைக்குச் செய்தது: விளிம்பில் திரும்புவது.

ஓட்டப் பந்தயத்துக்காக வளர்ந்த பலகை இது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் முதன்முதல் சேர்க்கப்பட்டபோது ஆண்கள் ஜயன்ட் சலோமில் (கம்பங்களைச் சுற்றித் திரும்பித் திரும்பி இறங்கும் பந்தயம்) தங்கம் வென்றவர் கனடாவின் ரொஸ் ரெபக்லியாற்றி. 2010 வன்கூவரில் பரலல் ஜயன்ட் சலோம் தங்கத்தை ஜேசி ஜே அன்டர்சன் எடுத்தார், அவரும் நம் நாட்டுக்காரர்தான். 2018இல் செக் நாட்டு எஸ்ற்றர் லெடெட்ஸ்கா ஒரே ஒலிம்பிக்கில் ஸ்கீயிலும் இந்தப் பலகையிலும் தங்கம் வென்றார். இவ்வளவு இருந்தும் கடைகளில் இந்தப் பலகையைக் காண்பது அரிது.

நானும்தானே திரும்புறன். அப்ப கார்விங் எண்டு புதுசா என்ன?

லிஃப்டில் ஏறிப் போகும்போது கீழே பாருங்கள். காலையில் எந்திரம் வாரிவிட்ட பனியில் ஒவ்வொருவரும் போன தடம் தெரியும். பெரும்பாலான தடங்கள் அரை மீற்றர், ஒரு மீற்றர் அகலத்துக்குப் பனியை வழித்துத் தள்ளியிருக்கும். அது சறுக்கித் திரும்பியது. எங்காவது ஓரிடத்தில் விரல் அகலம்கூட இல்லாத ஒரு கோடு மட்டும் வளைந்து போயிருக்கும். அது கார்விங். பலகையின் மூக்கு பனியில் வெட்டிய அதே கோட்டுக்குள்ளேயே வாலும் போயிருக்கிறது, பக்கவாட்டில் கொஞ்சமும் வழுக்கவில்லை.

இது எப்படி முடிகிறது என்றால், பலகை நடுவில் ஒடுங்கியும் இரு முனையில் அகன்றும் இருக்கிறது. அந்தப் பக்கவாட்டு வளைவு ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. பலகையை விளிம்பில் சாய்த்து அதன் மேல் நின்றால், பலகை வளைந்து அந்த வளைவு முழுக்கப் பனியைத் தொடும், வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானே போகும். தடம்தான் உங்களுக்குச் சாட்சி. நீங்கள் கார்விங் செய்தீர்களா இல்லையா என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, நின்று திரும்பிப் பார்த்தால் போதும்.

நான் இந்த வருசம்தான் ஸ்னோபோர்ட் பழகிறன். நேரா இதிலயே தொடங்க ஏலாதோ?

வேண்டாம். முதலில் சாதாரணப் பலகையில் நிற்க, இரண்டு விளிம்பிலும் சறுக்கி இறங்க, நினைத்த இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். நீலச் சதுரம் போட்ட, அதாவது நடுத்தரக் கடினமான, சரிவுகளில் விழாமல், பதறாமல் இறங்க வந்தால் மாறலாம். நிறுத்தத் தெரியாதவருக்கு இந்தப் பலகை ஆபத்து. விறைப்பானது, நேரே விட்டால் வேகம் பிடித்துவிடும்.

நன்றாக ஸ்கீ ஓடுபவர்களுக்குச் சிறிது சலுகை உண்டு. கெட்டிச் சப்பாத்தும் விளிம்பின் உணர்வும் அவர்களுக்குப் புதிதல்ல.

வாடகைக்குக் கிடைக்குமோ? வாங்கிறதெண்டால் எவ்வளவு முடியும்?

மலைகளில் உள்ள வாடகைக் கடைகளில் அநேகமாகக் கிடைக்காது. புதிய பலகை மட்டும் 1000 டொலரைத் தாண்டும், சப்பாத்தும் பைண்டிங்கும் அதற்கு மேல். ஆகவே தொடங்குபவர் பாவித்ததைத் தேடுவதுதான் புத்தி. காசு குறைவாக இருந்தால் சப்பாத்துக்கு முதலிடம் கொடுங்கள். பொருந்தாத சப்பாத்தோடு நல்ல பலகை வீண், பொருந்திய சப்பாத்தோடு பழைய பலகையிலும் பழகலாம்.

நடுத்தர எடை உள்ளவர் 155 முதல் 165 சென்ரிமீற்றர் நீளத்தில், பக்கவாட்டு வளைவின் ஆரம் 9 முதல் 11 மீற்றருக்குள் உள்ளதைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று 180க்கு மேற்பட்ட ஓட்டப் பந்தயப் பலகையை வாங்கிவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு மார்கழியும் இருக்கிறார்கள். அது வளைய வேண்டுமென்றால் நல்ல வேகம் வேண்டும், அந்த வேகத்தில் தொடங்குபவருக்கு யோசிக்க நேரம் இராது. இன்னொன்று, பழைய பிளாஸ்ரிக் பைண்டிங்கையும் சப்பாத்தையும் நம்பாதீர்கள். வருடக்கணக்காகக் கிடந்த பிளாஸ்ரிக் குளிரில் நொறுங்கும். வாங்குமுன் வெடிப்பு, வெளிறல் இருக்கிறதா என்று கொழுவிகளைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள்.

வீட்டில பழைய ஸ்கீ சப்பாத்து ஒரு சோடி கிடக்கு. அதைப் போட்டு ஓடினால் என்ன?

பூட்டும், ஓடவும் செய்யலாம். ஆனால் பழக முடியாது. சரிவில் இறங்க மட்டும் செய்த ஸ்கீ சப்பாத்தின் கணுக்கால் மிக விறைப்பு, அடியும் நீளம். நீளமான அடி பலகைக்கு வெளியே துருத்தும், அதன் விளைவு அடுத்த பதிலில் வருகிறது. ஸ்னோபோர்ட்டுக்கென்று செய்த கெட்டிச் சப்பாத்து முன்னால் மடியும், பக்கவாட்டிலும் சற்று விட்டுக்கொடுக்கும். மலை ஏறி இறங்கும் ஸ்கீக்காரரின் இலேசான சப்பாத்தை மாற்றிப் பாவிப்பவர்கள் இப்போது பலர், அது வேலை செய்யும்.

பைண்டிங்கை எத்தினை பாகையில பூட்டுறது? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்லுகினம்.

எண்ணைக் கேட்காமல் சப்பாத்தைப் பாருங்கள். விதி ஒன்றுதான்: சப்பாத்தின் நுனியும் குதியும் பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் நன்றாகச் சாயும்போது சப்பாத்து பனியில் இடித்து விளிம்பைத் தூக்கிவிடும், நீங்கள் பக்கவாட்டில் பறப்பீர்கள். பலகை ஒடுங்க ஒடுங்க, கால் பெரிதாகப் பெரிதாகக் கோணம் கூடும். 20 சென்ரிமீற்றர் பலகையில் நடுத்தரக் கால் உள்ளவருக்கு 50 முதல் 60 பாகைக்குள் எங்காவது சரிவரும். முன்காலைப் பின்காலை விட 3 முதல் 5 பாகை கூட்டி வையுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கம்பளத்தில் பலகையை வைத்து, சப்பாத்தைப் பூட்டி, கையால் பலகையை விளிம்பில் சாய்த்துக்கொண்டே போங்கள். 60 பாகைக்கு மேல் சாய்ந்த பிறகும் சப்பாத்து தரையைத் தொடாவிட்டால் சரி. கால்களுக்கு இடையே தூரம் சாதாரணப் பலகையை விடக் கொஞ்சம் குறைவு, 45 முதல் 50 சென்ரிமீற்றர் பொதுவானது. முன்கால் விரலையும் பின்கால் குதியையும் உயர்த்தும் ஆப்புகள் உண்டு. தொடக்கத்தில் சிறிது போதும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு திருகாணியை மாற்றிக்கொண்டிருந்தால் பிழை உங்களிலா பலகையிலா என்று கடைசி வரை தெரியாது.

முதல் நாள் எங்க போறது, என்ன செய்யிறது?

பச்சை வட்டம் போட்ட (மிக இலகுவான), அகலமான, ஆள் குறைந்த சரிவு. பெரிய மலை தேவையே இல்லை. கொலிங்வூட் பக்கம் உள்ள புளூ மவுண்டனின் உயரமே ஏறத்தாழ 220 மீற்றர்தான், முதல் நாளுக்கு அதுவே அதிகம். மில்டனில் உள்ள கிளென் ஈடன் போன்ற சின்னக் குன்று போதும். லிஃப்ட் திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். எந்திரம் வாரிய பனி வரிவரியாக, யாரும் கெடுக்காமல் இருப்பது முதல் ஒரு மணித்தியாலம்தான். அந்த ஒரு மணித்தியாலத்தில் கற்பதைப் பின்னேரம் முழுக்க நின்றாலும் கற்க மாட்டீர்கள்.

செய்ய வேண்டியது ‘ஜே’ திருப்பம், தடம் ஆங்கில J எழுத்து மாதிரி வரும். சரிவின் அடிப்பகுதியில், ஓடி முடிந்து சமதரை வரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நில்லுங்கள். பலகையை நேரே கீழே விடுங்கள், மெதுவான ஓட்ட வேகம் வரட்டும். இப்போது முழங்கால்களை முன்னுக்குத் தள்ளி விரல் விளிம்பில் பலகையைச் சாயுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். பலகை வளைந்து, குறுக்கே போய், மேல்நோக்கி ஏறித் தானாக நிற்கும். நின்றதும் திரும்பித் தடத்தைப் பாருங்கள். எங்கே கோடு அகலமாகிறதோ அங்கேதான் நீங்கள் எதையோ திருகியிருக்கிறீர்கள்.

அதையே குதிப்பக்கமும் செய்யுங்கள். பிறகு மீண்டும் விரல் பக்கம். கோடு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒடுக்கமாக வரும் வரை இரண்டு திருப்பத்தை இணைக்க முயலாதீர்கள். அலுப்பான வேலைதான், பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் வேகமாகக் கடந்து போவார்கள். போகட்டும்.

தோளைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன், பலகை வழுக்கிக்கொண்டுதான் போகுது. என்ன பிழை?

தோளைத் திருப்புவதுதான் பிழை. சாதாரணப் பலகையில் தோளாலும் பின்காலாலும் பலகையைத் திருகிப் பழகியிருப்பீர்கள். திருகினால் வால் பக்கவாட்டில் தள்ளுப்படும், தள்ளுப்பட்ட விளிம்பு வெட்டாமல் சுரண்டும். இங்கே சாய்ப்பது மட்டும் உங்கள் வேலை, திருப்புவதைப் பலகை பார்த்துக்கொள்ளும். சைக்கிளில் வேகமாகப் போகும்போது கைப்பிடியை முறுக்காமல் சாய்ந்தே வளைவு எடுப்பீர்களே, அந்தப் பொறுமை இங்கே வேண்டும். தோள்கள் பைண்டிங் பார்க்கும் திசையையே பார்க்கட்டும்.

எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு திரும்பும் என்பதற்குக் கணக்கு உண்டு. கெட்டியான பனியில், பலகையில் எழுதியிருக்கும் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய வரும். 10 மீற்றர் பலகையை 30 பாகை சாய்த்தால் 8.7 மீற்றர் வட்டம், 60 பாகை சாய்த்தால் 5 மீற்றர். அதாவது முதல் 30 பாகையில் பெரிதாக எதுவும் மாறாது. தொடங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். சாய்க்கிறார்கள், ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று பதறுகிறார்கள், உடனே திருகுகிறார்கள். சாய்த்துவிட்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். பலகை வரும்.

விரல் பக்கம் பரவாயில்லை. குதிப்பக்கம் எண்டால் பயமாக் கிடக்கு.

எல்லோருக்கும் அப்படித்தான். விரல் பக்கம் முழங்காலும் கணுக்காலும் இயற்கையாக மடியும், விழும் இடமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். குதிப்பக்கம் முதுகுப் பக்கமாகச் சாய வேண்டும். மனம் மறுக்கும், உடம்பு இடுப்பில் மடிந்து பின்பக்கத்தைத் தள்ளி நிற்கும்.

சரிசெய்யும் வழி கண்ணிலும் கையிலும் இருக்கிறது. திருப்பம் போகப்போகும் திசையை முன்தோளுக்கு மேலால் பாருங்கள். பின்கையை முன்னால் கொண்டுவந்து முன்கால் முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தொடப் பாருங்கள். கை வந்தால் தோளும் இடுப்பும் கூட வரும், பின்பக்கம் தானாக உள்ளே போகும். இதை ‘ஜே’ திருப்பத்தோடு மட்டும் செய்து பழகுங்கள், சரிவைக் கூட்ட வேண்டாம்.

குதிப்பக்கம் திரும்பேக்க பலகை கடகடவெண்டு அடிக்குது, பிறகு இழுத்துக்கொண்டு போகுது.

விளிம்பு பிடித்து விட்டு, பிடித்து விட்டுத் துள்ளுகிறது. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் மேலே சொன்ன இடுப்பு மடிதல்தான். உடம்பின் பாரம் விளிம்புக்கு நேர் மேலே இல்லாமல் பலகைக்கு உள்ளே தொங்குகிறது, அல்லது முழுக்கப் பின்காலில் கிடக்கிறது. முன்கால் சப்பாத்துக்குள் குதி அழுந்துவதை உணர்கிறீர்களா என்று கவனியுங்கள். உணராவிட்டால் முன்னுக்கு வாருங்கள்.

அப்படியும் அடித்தால் மூன்றைப் பாருங்கள்: சரிவு உங்களுக்கு அதிகம், விளிம்பு மொட்டை, அல்லது திருப்பத்தின் கடைசிப் பகுதியில் பயத்தில் இன்னும் கூட அழுத்துகிறீர்கள். மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. அழுத்தம் திருப்பத்தின் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். முடிவில் மொத்தமாகக் கொட்டினால் எந்தப் பலகையும் விட்டுவிடும்.

ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா வருது. ரெண்டையும் எப்பிடித் தொடுக்கிறது?

‘ஜே’ திருப்பத்தில் பலகை குறுக்கே வந்து மேல்நோக்கி ஏறத் தொடங்கும் நேரம் ஒன்று உண்டு. இதுவரை அங்கே நிற்கும் வரை காத்திருந்தீர்கள். இனி, அது நிற்குமுன் பலகையைச் சமமாக விடுங்கள். சாய்வு பூச்சியம். அரை நொடி அப்படியே குறுக்கே ஓடட்டும். பிறகு மற்ற விளிம்பில் சாயுங்கள். இந்த நேரத்தில் பலகை இன்னும் சரிவின் குறுக்கேதான் போகிறது, கீழே பார்க்கவில்லை. அதாவது புதிய விளிம்பு கீழ்ப்பக்க விளிம்பு. சாதாரணப் பலகையில் ‘கீழ் விளிம்பைக் கொடுத்தால் குப்புற விழுவாய்’ என்று படித்திருப்பீர்கள், ஆகவே மனம் மறுக்கும்.

அந்தப் பாடம் பக்கவாட்டில் வழுக்கும் பலகைக்குச் சரி. பலகை தன் நீளத்தின் திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் கீழ் விளிம்பு தடுக்காது, வெட்டிக்கொண்டு வளையும். வழுக்காமல் குறுக்கே ஓடத் தெரிந்த பிறகுதான் இணைக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். தட்டையான சரிவில், மெதுவாக, இடையில் அந்த அரை நொடியை வேண்டுமென்றே நீட்டிப் பழகுங்கள். சில வாரங்களில் அது தானாகச் சுருங்கிவிடும்.

வேகம் கூடிக்கொண்டே போகுது அண்ணை. பிறேக் எங்க?

பிறேக் திருப்பத்தின் கடைசியில் இருக்கிறது. கார்விங்கில் வழுக்கல் இல்லாததால் உரசலும் குறைவு, நேரே கீழே பார்க்கும் ஒவ்வொரு கணமும் வேகம் ஏறும். அதைக் குறைக்கத் திருப்பத்தை முடிக்க வேண்டும். பலகை முழுக்கக் குறுக்கே வந்து, கொஞ்சம் மேலே ஏறும் வரை விளிம்பில் இருங்கள். பாதியில் விட்டு மற்றப் பக்கம் சாய்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் சேரும், நான்காவதில் சமாளிக்க முடியாது.

அவசரமென்றால் சறுக்கி நிறுத்துங்கள், அதில் வெட்கம் இல்லை.

கண் எங்க இருக்கோணும்?

பலகையின் மூக்கில் இருக்கக் கூடாது. இரண்டு, மூன்று பலகை நீளம் முன்னால், திருப்பம் போகும் பாதையில்.

விழுந்தால் கால் முறியுமோ? இந்தச் சப்பாத்து கழராதாமே.

ஸ்கீயில் போலப் பைண்டிங் தானாகக் கழன்றுவிடாது, உண்மைதான். ஆனால் இரண்டு காலும் ஒரே பலகையில் இருப்பதால் ஸ்கீக்காரருக்கு வரும் முழங்கால் முறுக்கல் இங்கே குறைவு. ஸ்னோபோர்ட் ஓடுபவர்கள் அதிகம் உடைப்பது மணிக்கட்டு. ஆகவே விழும்போது கையை விரித்து ஊன்றாதீர்கள். கைவிரல்களைப் பொத்தி, முழங்கையும் இடுப்பும் பனியில் படச் சறுக்கிவிடுங்கள். தாழ்வாகச் சாய்ந்து ஓடும்போது விழும் உயரமே குறைவு, பெரும்பாலும் சறுக்கிப்போய் நிற்பீர்கள். தலைக்கவசம் கட்டாயம். மணிக்கட்டுக் காப்பும் இடுப்புப் பஞ்சுக் காற்சட்டையும் முதல் பருவத்துக்கு நல்லது.

பின்னால வாறவை இடிச்சுப்போட்டுப் போனால்?

எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற கேள்வி இது ஒன்றுதான். விதி தெளிவு: முன்னால், கீழே இருப்பவருக்கே வழி. கனடாவில் லிஃப்ட் அடியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதியிலும் அது இருக்கிறது. ஆனால் கார்விங் செய்பவர் சரிவின் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை போகிறார், சில நேரம் மேலேகூட ஏறுகிறார். பின்னால் வருபவர் அதை எதிர்பார்க்க மாட்டார். நீங்கள் நேரே இறங்கப் போகிறீர்கள் என்று நினைத்துப் பக்கத்தால் கடக்கப் பார்ப்பார்.

ஆகவே விதி உங்கள் பக்கம் என்றாலும் ஒவ்வொரு பெரிய திருப்பத்துக்கும் முன் மேலே ஒருதரம் பாருங்கள். குதிப்பக்கத் திருப்பம் தொடங்குமுன் கட்டாயம், ஏனென்றால் அப்போது முதுகுப் பக்கம் முழுக்கக் குருட்டுப் பக்கம். சனிக்கிழமை மதியம் கூட்டத்துக்குள் கார்விங் பழக வேண்டாம். வார நாள் காலை, அல்லது ஞாயிறு லிஃப்ட் திறந்தவுடன்.

இஞ்ச பாதி நாள் ஐஸ்தானே. அதில ஓட ஏலுமோ?

ஒன்ராறியோவில் பகல் உருகி இரவு உறைவதும், மழை பெய்து உறைவதும் வழமை. இறுகிய பனியில் கூர்மையான விளிம்பு இருந்தால் நன்றாகவே ஓடலாம், அதற்குத்தானே இந்தப் பலகை. சாம்பல் நிறத்தில் மினுங்கும் உண்மையான ஐஸ் வேறு. குனிந்து நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் விளிம்பும் பிடிக்கும், விழாவிட்டால் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். ஐஸ் துண்டொன்றில் திடீரென்று ஏறிவிட்டால் சாய்வைக் கூட்டாமல், அழுத்தாமல், அடுத்த பனி வரும் வரை அமைதியாக நில்லுங்கள்.

விளிம்பைத் தீட்டப் பழகுங்கள். பக்க விளிம்பை 88 அல்லது 89 பாகையில் வைக்கும் சின்னத் தீட்டுக்கருவியும் ஒரு அரமும் இருந்தால் வீட்டு நிலவறையிலேயே செய்யலாம். அடிப்பக்கத்தை நீங்கள் தொடாமல் கடையில் கொடுங்கள், அங்கே கூடுதலாக அரத்தால் தேய்த்துவிட்டால் திருத்துவது கஷ்டம். பங்குனி மாதத்து மதியப் பனிக்கும் ஒரு சொல்: வெயிலில் களியாகி மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும், ஒடுங்கிய பலகை அதற்குள் புதையும். கோப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இவ்வளவு காசு செலவழிக்காமல் என்ர சாதாரணப் பலகையிலயே கார்விங் செய்ய ஏலாதோ?

செய்யலாம். மென்சப்பாத்தில் மிக அழகாகக் கார்விங் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு காலையும் முன்நோக்கித் திருப்புங்கள், உதாரணத்துக்கு முன்கால் 30, பின்கால் 15. வாத்துக்கால் நிலையில், அதாவது பின்கால் பின்னோக்கிப் பார்த்தபடி, பழகியவர்களுக்கு முதலில் விசித்திரமாக இருக்கும். கோணம் குறைவாக இருப்பதால் சப்பாத்து துருத்தும் சிக்கல் வரலாம், பைண்டிங் பதிலில் சொன்ன கம்பளச் சோதனையைச் செய்து பாருங்கள். பெரிய கால் உள்ளவர்களுக்கு 26, 27 சென்ரிமீற்றர் அகலப் பலகை தேவைப்படும்.

வித்தியாசம் பிடிமானத்தில். கெட்டிச் சப்பாத்தில் முழங்காலைச் சிறிது அசைத்தாலே பலகை சாயும், வேகத்திலும் இறுகிய பனியிலும் விளிம்பு விடாது. மென்சப்பாத்தில் அதே பிடிக்குக் கால் தசை நிறைய உழைக்க வேண்டும். ‘ஜே’ திருப்பத்தை இந்த வருடம் உங்கள் பலகையிலேயே பழகிவிட்டு, பிடித்திருந்தால் அடுத்த வருடம் காசைப் பற்றி யோசியுங்கள். எனக்குப் பட்ட நியாயமான வழி இதுதான்.

என்ர பலகையில 14 மீற்றர் எண்டு போட்டிருக்கு. சின்ன வட்டம் அடிக்க ஏலாதோ?

மேலே சொன்ன கோசைன் கணக்கை இதற்கும் போடுங்கள். 45 பாகையில் ஏறக்குறைய 10 மீற்றர், 60 பாகையில் 7 மீற்றர். ஆக முடியும், ஆனால் 60 பாகை சாய உங்களால் முடிய வேண்டும். தொடங்குபவர் அநேகமாக 30 பாகைக்குள் நிற்பார், அங்கே அந்தப் பலகை 12 மீற்றர் வட்டம்தான் தரும். ஒன்ராறியோவின் ஒடுங்கிய சரிவுகளில் அதற்கு இடம் காணாது. பலகையில் பிழை இல்லை, உங்களுக்கு இப்போது அது பெரிது. விற்காமல் வைத்திருங்கள்.

வீடியோவில உடம்பு முழுக்கப் பனியில படுக்கிற மாதிரிச் சாயினம். அது எப்ப வரும்?

எப்போது வரும் என்பதை விட, எதனால் வருகிறது என்று பாருங்கள். சாய்ந்தும் விழாமல் இருப்பது வேகமும் வட்டமும் சேர்ந்து தரும் வெளித்தள்ளலால். ஒரு கணக்கு: 11 மீற்றர் பலகையை 45 பாகை சாய்த்தால் வட்டம் 7.8 மீற்றர் வரும். அந்த வட்டத்தில் உடம்பும் 45 பாகை சாய்ந்து சமநிலையில் நிற்க, சமதரைக் கணக்கில், மணிக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வேகம் வேண்டும். அதற்குக் குறைந்த வேகத்தில் அதே சாய்வுக்குப் போனால் உள்பக்கமாகப் பொத்தென்று விழுவீர்கள். பச்சை வட்டச் சரிவில் படுக்க முயல்பவர்கள் எல்லோரும் விழுவது இதனால்தான்.

முழுக்கப் படுத்துத் திரும்பும் பாணிக்குச் சரிவும் வேகமும் மட்டுமல்ல, நல்ல பிடிப்புள்ள மெதுவான பனியும் வேண்டும். அந்தப் பாணியைப் பெயர் பெறச் செய்தவர்கள் சுவிற்சர்லாந்துக்காரர்கள், அவர்களிடம் உள்ள மலை ஒன்ராறியோவில் இல்லை. பனியைத் தொட வேண்டும் என்று கையை நீட்டாதீர்கள். கை நீட்டினால் தோள் உள்ளே விழும், தோள் விழுந்தால் விளிம்பில் பாரம் போய்விடும். இடுப்பு தாழ்ந்து தாழ்ந்து ஒரு நாள் கையுறை பனியில் உரசும், அப்போது நீங்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை. தனியப் பழகலாமோ?

மலைகளில் உள்ள ஸ்னோபோர்ட் ஆசிரியர்களில் பெரும்பாலானோர் மென்சப்பாத்துக்காரர்கள். ஆனாலும் நல்ல ஆசிரியர் ஒருவரிடம் ‘கார்விங் மட்டும் பார்க்க வேண்டும்’ என்று கேட்டு ஒரு மணித்தியாலம் எடுத்தால் பயன் உண்டு. விளிம்பும் பாரமும் எல்லாப் பலகைக்கும் ஒன்றுதான்.

தனியே என்றால் இரண்டு ஆசிரியர் இருக்கிறார்கள். ஒன்று தடம். மற்றது கைப்பேசி: கூட வந்தவரைச் சரிவின் அடியில் நிறுத்தி, நீங்கள் அவரை நோக்கி இறங்குவதைப் படமெடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் வேகம்தான் தெரியும், இடுப்பு தெரியாது. கையுறையைக் கழற்றிப் படமெடுக்க அவர் முறைப்பார், -15 பாகையில் கைப்பேசி பற்றரியும் கெதியாகச் செத்துவிடும். உள்பையில் உடம்போடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.